பன்னிரண்டில் ஒன்று

தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தளம் போட்ட கூண்டுக்குள் என் வேலை.
பிரேமர்ஹாஃபன் துறைமுகம், இரண்டாம் ஷிஃப்ட்.
காலுக்குக் கீழே ஆட்கள்
ஆரஞ்சு நிறப் பருப்புகள்.
நாற்பதடிக் கன்டெய்னரைத் தூக்கி
இன்னொரு நாற்பதடி மேல் வைப்பேன்,
தீப்பெட்டி மேல் தீப்பெட்டி.
உள்ளே என்ன என்று கேட்டதில்லை.
போன வாரம் ஒன்றில் முழுக்க சோபா என்றார்கள்.

வீட்டில் எல்லாம் தலைகீழ்.
சமையலறை மேஜை மேல் ஒரு வீடு இருக்கிறது.
ஓல்டன்பர்க் பழஞ்சந்தையில்
மழையில் நனைந்துகொண்டு நின்றது, முப்பது யூரோ.
விற்றவனுக்கு
எடுத்துப்போனால் போதும் என்ற முகம்.
நான்கு அறை. கூரை பாதி.
மாடிப்படியில் ஏழாவது படியைக் காணோம்.
குளியல் தொட்டிக்குள் செத்துக் கிடந்தது ஒரு நீல ஈ.
அந்த வீட்டின் கணக்கில்
அது ஒரு சிட்டுக்குருவி.

ஒன்றைப் பன்னிரண்டாகக் குறைப்பது எங்கள் கணக்கு.
இங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பினால்
அங்கே ஒரு விரல்கடை.
கதவு சாத்தாது.
இம்மி பிசகாமல் என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம்;
இம்மியை நான் இடுக்கியில் பிடித்திருக்கிறேன்,
தும்மல் வந்து
அது அடுப்புக்கு அடியில் போய்விட்டது.

பல்குச்சிதான் படிக்கட்டுக் கம்பி.
தயிர் டப்பாவின் மூடி நிலைக்கண்ணாடி ஆனது,
அதில் யாருக்கும் முகம் தெரியாது,
யாரும் பார்க்கப் போவதுமில்லை.

சுவர்த்தாளை உரித்தேன்.
பூப்போட்டதற்கு அடியில் கோடு போட்டது.
அதற்கும் அடியில் செய்தித்தாள்:
உருளைக்கிழங்கு விலை, பிறகு ஒரு வரி விளம்பரம்.
காணவில்லை. சைக்கிள். பச்சை நிறம்.
ஆண்கள் ஓட்டுவது. பின்சக்கரம் புதிது.
கிடைத்ததா என்று
இரண்டு நாள் கூண்டுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சாப்பாட்டு மேஜை.
பீச் மரம், வார்னிஷ் வெடித்திருந்தது.
ஒரு காலின் நுனியில் பல் தடம்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன்.
தலேயா தொட்டுப் பார்த்து
புட்டி வை, உப்புத்தாள் போடு, தெரியவே தெரியாது என்றாள்.
கெரிட் பகலில் பல்செட் செய்கிறவர்.
உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டி
விளக்கின் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கீழே இரண்டு.
மேலே இரண்டு முழுசாக,
மூன்றாவது இப்போதுதான் முளைக்கிறது.
பத்து மாதம், மிஞ்சினால் பதினொன்று.
தன் வாடிக்கையாளர் எவருக்கும்
இவ்வளவு நல்ல அச்சு விழுந்ததில்லை என்றார்.

பத்து மாதக் குழந்தைக்கு இந்த வீட்டை
யாரும் வாங்கித் தந்திருக்க மாட்டார்கள்.
வீட்டுக்காரி வேறு ஒருத்தி.
தவழ்ந்து வந்து மேஜையைப் பிடுங்கியது
அவள் தம்பியோ தங்கையோ.
அன்று அங்கே ஒரு கூச்சல் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து புட்டி குழைத்தேன்.
ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், ஆறாவதில் கல்.
கத்தி முனையில் எடுத்தேன், காலுக்குக் கொண்டுபோனேன்,
அப்போதுதான் உள்ளே குடியிருப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.
ஒரு சாயங்காலம், சுவரே இல்லாத பக்கமாக
ஒரு வாய் வந்தது.
மேஜையைத் தூக்கியது, மென்றது, துப்பியது.
ஈரமான அதே மேஜையில்
மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்களா?
நான் இருந்தால் உட்கார்ந்திருப்பேன்.
வேறு மேஜை இல்லையே.

புட்டி அட்டையிலேயே கல்லாகிவிட்டது.

மறுநாள் மேலேயிருந்து கன்டெய்னரை இறக்கும்போது
கீழே ஒரு பருப்பு தலையைத் தூக்கிப் பார்த்தது.
அது விலகும்வரை கைப்பிடியைத் தொடவில்லை.
என்ன தாமதம் வீப்கெ என்று ரேடியோ கேட்டது.
காற்று என்றேன்.
காற்று இல்லை.

ஏழாவது படி பொருந்திவிட்டது, நிறம்தான் கொஞ்சம் தூக்கல்.
கடித்த கால் அரை மில்லி குட்டை;
தட்டு வைத்தால் மேஜை ஆடுகிறது.
எந்த ஓட்டலிலும் செய்வதைத்தான் செய்தேன்.
காகிதத்தை நாலாய் மடித்துக்
காலுக்கு அடியில் கொடுத்தேன்.
மடிப்பின் வெளியே இரண்டு சொல் தெரிகிறது:
பின்சக்கரம் புதிது.